தணிக்கையில் ‘ஏ’ சான்றிதழ் வாங்கினால் படத்தில் மதத்தை எப்படியும் காட்டலாமா?

கோவை, ஈரோடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி: “சாமி விஷயத்தைக் கேள்வி கேட்டால்தான் ‘ஏ’ தருவார்கள், வாங்கிவிட்டால் எதையும் காட்டலாம்.” இரண்டுமே தவறு.

‘ஏ’ வெறும் வயது வரம்பு. 18 நிரம்பாதவருக்கு, பெற்றோர் கூட வந்தாலும், அனுமதி இல்லை. மதப் பிரிவினரை இழிவுபடுத்தும் காட்சி, வசனம் கூடாது என்ற 1991 திரைப்படத் தணிக்கை வழிகாட்டு நெறி ‘ஏ’ படத்துக்கும் பொருந்தும். ஆனால் சடங்கை மறுப்பதோ பூசாரியை எதிர்ப்பதோ மட்டுமே இழிவாகிவிடாது. பலரும் குழம்புவது இங்கேதான். கோயில் பூசாரியின் அக்கிரமத்தைக் காட்டிய ‘பராசக்தி’ 1952-லேயே திரைக்கு வந்தது. “கலவரம் வரும்” என்ற மிரட்டலுக்காகச் சான்றிதழ் பெற்ற படத்தை முடக்கக் கூடாது என்று 1989-இல் படத் தயாரிப்பாளர் ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

எது வெட்டப்பட்டது என்று தெரிய, சான்றிதழின் இரண்டாம் பகுதியைப் பாருங்கள்.