பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பம் மட்டும் வேலை உரிமையை நீட்டிக்காது

"வொர்க் பெர்மிட் முடிவதற்குள் பி.ஆர். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டால் போதும், முடிவு வரும்வரை கனடாவில் வேலை பார்க்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. தயவுசெய்து யாரும் இதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

பெர்மிட் முடிந்த பிறகும் பழைய நிபந்தனைகளோடு வேலையைத் தொடர வேண்டுமென்றால், அது காலாவதியாகும் முன்பே அதை நீட்டிக்கவோ புதிய பெர்மிட் கேட்டோ தனியாக விண்ணப்பித்திருக்க வேண்டும். பி.ஆர். விண்ணப்பம் அதில் சேராது.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற பி.ஆர். தேர்வு முறையில் இருப்பவர்களுக்குப் பிரிட்ஜிங் ஓபன் வொர்க் பெர்மிட் (பி.ஆர். முடிவு வரும்வரை வேலை பார்க்க உதவும் இடைக்கால பெர்மிட்) என்ற வழி இருக்கிறது. ஆனால் அதற்கு, பி.ஆர். விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு வந்தால் மட்டும் போதாது. பி.ஆர். விண்ணப்பத்தை முழுமையாகச் சமர்ப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான கடிதமும் கையில் இருக்க வேண்டும். அழைப்புக்குப் பின் விண்ணப்பிக்க 60 நாள் அவகாசம் உண்டுதான், ஆனால் பெர்மிட் முடியும் தேதி அதற்காகக் காத்திருக்காது.

என் நண்பர் பி.ஆர். ரசீதைக் காட்டியபோது அவருடைய எச்.ஆர். கேட்டது ஒன்றுதான்: "பெர்மிட் நீட்டிப்புக்கு விண்ணப்பித்த ரசீது எங்கே?" அவரிடம் இல்லை. மறுநாளே வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. பெர்மிட் தேதி தாண்டினால் 90 நாளுக்குள், கனடாவில் தற்காலிகமாகத் தங்கும் அந்தஸ்தை மீட்க விண்ணப்பிக்கலாம், சரி. ஆனால் அது முடிவாகும்வரை வேலை பார்க்க முடியாது. பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியையும் இன்றே பாருங்கள். பெர்மிட்டைப் பொதுவாக அதற்கு மேல் தரமாட்டார்கள்.