கூழைப் பிதுக்கிய பிறகும் துடித்த நரம்பு
செல்லுக்குள் நீர் கூழ் போல ஒழுங்குபட்டு நிற்பதால்தான் பொட்டாசியம் உள்ளேயும் சோடியம் வெளியேயும் தங்குகின்றன, செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் அவற்றை உள்ளும் வெளியும் தள்ளும் பம்ப் எதுவும் தேவையில்லை என்பது செல் ஆய்வாளர் கில்பர்ட் லிங்கின் கருத்து. செல்நீர் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை அதை நிறுவப்பட்ட உண்மை போல எழுதியிருக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. 1961இல் பேக்கர், ஹாட்ஜ்கின், ஷா என்ற ஆய்வாளர்கள் மூவரும் கணவாயின் தடித்த நரம்பு இழையிலிருந்து கூழைப் பிதுக்கி எடுத்துவிட்டு, வெறும் பொட்டாசியம் உப்புக் கரைசலை நிரப்பினார்கள். அதன் பிறகும் அந்த இழை பல மணி நேரம் துடிப்புகளைக் கடத்தியது! லிங் சொல்வதுபோல் நீரை ஒழுங்குபடுத்த வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி வெளியே போய்விட்டதே, பிறகு வேலை செய்தது எது? சவ்வுதான். பம்பையும் டென்மார்க் விஞ்ஞானி ஸ்கௌ 1957இலேயே நண்டின் நரம்பில் கண்டறிந்தார். 1997இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். உறைபனியில் செடிகளைக் காப்பதும் இந்தக் கூழ் நீர்தான் என்று அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் சொல்கிறார். நீலகிரியில் இத்தலார் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை உண்டு. ஜனவரியில் பள்ளத்துச் செடிகள் வெள்ளை பூத்து நிற்கும் காலைகளில், வெயில் ஏறியதும் கொழுந்து வெந்தது போலத் துவண்டு, பிறகு கருகிப்போகும். பனிக்கட்டி முதலில் செல்லுக்கு வெளியே உருவாகி உள்நீரை இழுத்துக்கொள்கிறது. செல் வற்றி, சவ்வு சிதைகிறது. முந்தைய மாலையே தழை போட்டு மூடிய செடிதான் தப்பும். லிங்கை முற்றாகத் தள்ளவும் எனக்கு மனமில்லை: புரதத்தை ஒட்டிய ஓரிரு அடுக்கு நீர் மெதுவாக அசைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அந்த ஓரிரு அடுக்கை செல் முழுவதற்கும் நீட்டுவதைத்தான் மறுக்கிறேன்.