103 வயது, மாத்திரையே தொடாதவர் என்ற செய்தி உண்மையா?

அண்மையில் காலமான எங்கள் சூளகிரிப் பக்கத்து விவசாயப் பெரியவர் ஒருவரின் படத்தைப் போட்டு, “103 வயது, கேழ்வரகுக் களிதான் சாப்பாடு, ஆயுளில் ஒரு மாத்திரை தொட்டதில்லை” என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. அவருக்கு வயது 84. பல வருடமாக ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போட்டுவந்தார், இறந்தது மாரடைப்பால். வீட்டார் கேட்டுக்கொண்டதால்தான் இதை எழுதுகிறேன்.

களி சாப்பிட்டது உண்மை. மானாவாரி நிலத்தில் கேழ்வரகுக்கு நடுநடுவே அவரைப் பயிரை வரிசையாகச் சால் விட்டு விதைப்பார். மழை ஏமாற்றினாலும் அவரைப் பயிராவது கைகொடுக்கும் என்பார். விதை கேட்டு வந்தால் முறத்தில் புடைத்து, சொத்தை பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். அவர் மேல் ஊருக்கு இருந்த மரியாதைக்கு 103 வயது தேவையே இல்லை.

கேழ்வரகு நல்ல தானியம்தான். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதற்காகக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். மாவுச்சத்தும் அதிகம், சர்க்கரை உள்ளவர்கள் களியை அளவோடுதான் சாப்பிட வேண்டும். வீடு தேடி மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பெரியவருக்கும் மாத்திரை அப்படித்தான் வந்தது.