தென் சென்னையில் தி.மு.க. தோற்றதே இல்லையா?

'தென் சென்னை மக்களவைத் தொகுதியில் தி.மு.க. ஒருமுறைகூடத் தோற்றதில்லை' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

இப்படி நம்புவதற்குக் காரணம் உண்டு. 1967-இல் இங்கே ஜெயித்தவர் அண்ணா. அவர் முதலமைச்சரானதும் நடந்த இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வந்தார், 1971-லும் அவரே. அப்புறம் 1996 முதல் 2004 வரை டி.ஆர்.பாலு தொடர்ந்து நான்கு முறை. இத்தனை பெரிய பெயர்கள் இருந்தால் 'கோட்டை' என்ற சொல் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் நடுவில் நடந்ததைப் பாருங்கள். 1977-இல் அதே மாறனைத் தோற்கடித்தவர் காங்கிரஸின் ஆர்.வெங்கட்ராமன், பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவர். 1984, 1989 இரண்டிலும் ஜெயித்தவர் காங்கிரஸின் நடிகை வைஜெயந்திமாலா. 84-இல் அவரிடம் தோற்ற இரா.செழியன் ஜனதா வேட்பாளர், அதைத் தி.மு.க. கணக்கில் சேர்க்க வேண்டாம். 1991-இல் அ.தி.மு.க.வின் ஸ்ரீதரன்.

சரி, பழைய கதை என்பீர்களா? 2009-இல் அ.தி.மு.க.வின் சி.ராஜேந்திரனும் 2014-இல் ஜெயவர்தனும் தி.மு.க. வேட்பாளர்களையே வென்றார்கள். 2019-இல்தான் தமிழச்சி தங்கபாண்டியன் தொகுதியை மீட்டார், 2024-லும் அவரே.

இன்னொன்று: தொகுதி மறுவரையறைக்குப் பின் 2009-இல் எல்லையே மாறிவிட்டது. பாலு ஜெயித்த தென் சென்னையும் இன்றைய தென் சென்னையும் முழுக்க ஒன்றல்ல.