குற்றவாளி என்றபோது ஜெயித்தார், விடுதலையான பிறகு தோற்றார்

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இடமலையாறு என்ற பெயரைக் கேட்டிராத விவசாயி கிடையாது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர் தாலுகா பாசனத்துக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். ஆனைமலையாற்றுத் தண்ணீரைத் தமிழ்நாடு திருப்பிக்கொள்வதென்றால் அதற்கு முன் கேரளம் இடமலையாறு அணையைக் கட்டி முடித்திருக்க வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. பொள்ளாச்சிச் சொந்தங்களும் நாங்களும் கல்யாண வீட்டில் உட்கார்ந்துகூட இதைப் பேசிச் சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் அதே இடமலையாற்று அணையின் சுரங்கப்பாதை வேலையில் நடந்த முறைகேட்டுக்காகக் கேரளத்தின் முன்னாள் மின்துறை அமைச்சர் ஜெயிலுக்குப் போனார் என்று சொன்னால், "அப்படியா?" என்று கேட்கிறவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம்.

ஆர். பாலகிருஷ்ண பிள்ளையைத்தான் சொல்கிறேன். 1980களில் அவர் மின்துறை அமைச்சராக இருந்தபோது, சுரங்க வேலைக்கான கான்ட்ராக்டை அநியாய ரேட்டுக்குக் கொடுத்து மின்வாரியத்துக்கு 2 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் ஏற்படுத்தியதாக வழக்கு. 1999ல் தனி நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் கொட்டாரக்கரையில் நின்றார், ஜெயித்தார். 2003ல் கேரள உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2006ல் அதே தொகுதியில் நின்றார், ஆயிஷா போற்றியிடம் தோற்றார். 2011 பிப்ரவரியில், மார்க்சிஸ்ட் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் செய்த மேல்முறையீட்டில், உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து ஓராண்டு கடுங்காவல் கொடுத்தது. தீர்ப்பை எழுதியவர் பவானிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த நீதிபதி ப. சதாசிவம். பிற்பாடு அவரே கேரளத்துக்கு ஆளுநராகவும் வந்தார்.

இந்த வரிசையை நிதானமாக இன்னொரு தடவை பாருங்கள். கோர்ட் குற்றவாளி என்று சொல்லியிருந்த நேரத்தில் மக்கள் அவரை ஜெயிக்க வைத்தார்கள். கோர்ட் நிரபராதி என்று சொன்ன பிறகு தோற்கடித்தார்கள். இரண்டு தடவையும் வழக்கு எந்தக் கணக்கிலும் வரவில்லை. 2001ல் அவர் இருந்த, காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய முன்னணியின் அலை, 2006ல் இடது முன்னணி அலை, அவ்வளவுதான். அப்படியிருக்க, தண்டனை வாங்கிய ஒருவர் தேர்தலில் ஜெயித்ததும் மாலையைப் போட்டுக்கொண்டு, "மக்கள் மன்றத்தில் எனக்கு நீதி கிடைத்துவிட்டது" என்று மைக்கில் பேசுகிறாரே, அதை எப்படி ஒத்துக்கொள்வது? அந்த வாக்குச்சாவடியில் எந்த ஃபைலைப் பிரித்துப் பார்த்தார்கள்? எந்த சாட்சியை விசாரித்தார்கள்? நாம் போடுகிற ஓட்டு, பொதுப்பணத்தை எடுத்தாரா இல்லையா என்ற கேள்வியைத் தொடுவதே இல்லை. தொடாத கேள்விக்கு நம் பெயரைச் சொல்லிப் பதில் கிடைத்துவிட்டதாக அவர்கள் ஊரெல்லாம் பேசுவதை நாம் கைதட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்கு ஆத்திரம் வருவது அந்த இடத்தில்தான்.

2001ஐப் பற்றி எல்லையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் பளிச்சென்று தெரிகிற ஒரு விஷயம் உண்டு. அந்த வருடம் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஒரே நாளில், மே 10ல், வாக்குப்பதிவு. டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கிய வழக்கில் 2000 அக்டோபரில் தண்டனை பெற்றிருந்த ஜெயலலிதாவின் வேட்புமனுக்கள் நான்கு தொகுதிகளிலும் தள்ளுபடி ஆயின. வாளையாறு எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் பிள்ளையின் மனு ஏற்கப்பட்டது. இரண்டு பேருக்கும் ஒரே சட்டம்தான். ஆனால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(4) பிரிவு, ஏற்கெனவே எம்எல்ஏவாகவோ எம்பியாகவோ இருப்பவர் மூன்று மாதத்துக்குள் அப்பீல் போட்டுவிட்டால் பதவி பறிபோகாது என்று ஒரு சலுகையை வைத்திருந்தது. பிள்ளை எம்எல்ஏவாக இருந்தார், ஜெயலலிதா இல்லை. அந்தச் சலுகையை 2013 ஜூலை 10ல்தான் உச்ச நீதிமன்றம் ஒழித்தது. வழக்குப் போட்டவர் லில்லி தாமஸ், கேரளத்துப் பெண்மணி. இந்த ஒரு காரியத்துக்காகவே அவர் பெயர் நம் பள்ளிப் புத்தகங்களில் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சரி, மனுவே ஏற்கப்படாத ஜெயலலிதா அந்த மே மாதமே முதல்வராகப் பதவியேற்றார். மக்கள் தீர்ப்பு என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட நியாயம். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனம் செல்லாது என்றது. டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது, ஆண்டிப்பட்டியில் ஜெயித்துத் திரும்பி வந்தார். சட்டப்படி அது சரி. அதற்கு முந்தைய வருடம் நடந்ததைத்தான் என்னால் கடக்க முடியவில்லை. 2000 பிப்ரவரி 2, கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் அவருக்குத் தண்டனை என்ற செய்தி வந்த அன்று, தர்மபுரியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பஸ்ஸுக்குக் கட்சிக்காரர்கள் தீ வைத்தார்கள். மூன்று பெண்கள் கருகிச் செத்தார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மேல்படிப்புக்கென்று ஆசைப்பட்டுப் போகிற ஊர் கோவை. அந்த ஓட்டல் வழக்குத் தீர்ப்பும் பின்னால் மேல்முறையீட்டில் ரத்தாகிவிட்டது. அந்தப் பெண்கள் வரவில்லை. ஒரு தலைவருக்குத் தண்டனை என்பதைத் தன் குடும்பத்துக்கு நேர்ந்த அவமானமாகத் தொண்டன் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தால் அது எதுவரை போகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

இனி, ஓட்டுப் போடுகிறவர்கள் பக்கம். அவர்களை முட்டாள்கள், பிரியாணிக்கும் குவார்ட்டருக்கும் விலைபோனவர்கள் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் பெரியப்பா தமிழ்ப் பள்ளியில் படித்தவர். மலையாளம் நன்றாகப் பேசுவார், எழுத்து தெரியாது. நிலத்துக்குக் கரம் (நிலவரி) கட்டுவதில் ஏதோ சர்வே நம்பர் குளறுபடி என்று வில்லேஜ் ஆபீசுக்குப் போனால், மலையாளத்தில் ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து நிரப்பி வரச் சொல்லிவிட்டார்கள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் நின்றிருக்கிறார். பைக்கில் வந்த ஒரு கட்சிக்காரப் பையன் அதை வாங்கி, நின்றபடியே வண்டி சீட்டில் வைத்து எழுதி, உள்ளே கூட்டிப்போய் வேலையை முடித்துக் கொடுத்து, வீட்டிலும் கொண்டுவந்து விட்டான். அந்தப் பையனுடைய தலைவர்கள் மேல் இருக்கிற வழக்குகளைப் பற்றி நான் பேச ஆரம்பித்ததும் பெரியப்பா சொன்னார்: "கேசு இல்லாதவன் எவன் அம்மிணி? ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கூப்பிட்டா எந்திரிச்சு வர்றவன் யாருன்னு பாரு."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அரசாங்க ஆபீஸ் தன் கதவை ஒழுங்காகத் திறந்து வைத்திருந்தால், தமிழில் ஒரு படிவம் கொடுத்திருந்தால், அந்தப் பையன் தேவைப்பட்டிருக்க மாட்டான். மொழி தெரியாமல் நிற்கிறவனுக்குத் துணைக்கு ஆள் வேண்டும். அந்த ஆளை வைத்திருக்கிற கட்சிக்கு ஓட்டு போகும். அந்த ஓட்டில் மேலே இருக்கிற தண்டனை பெற்றவரும் சேர்ந்து கரையேறிவிடுவார். ஆனால் பெரியப்பாவிடம் நான் கேட்டதும் அதுதான்: நம் பாசனத்தோடு சேர்த்துப் பேசப்படுகிற ஒரு அணையின் வேலையிலேயே பணம் போயிருக்கிறதே, அது யார் பணம்? கரண்ட் பில் கட்டுகிற உங்கள் பணமும்தானே? ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்ததற்கு நன்றி சொல்லலாம், பையனுக்கு டீ வாங்கிக் கொடுக்கலாம். அதற்காக அந்தக் கணக்கை ஏன் தள்ளுபடி செய்ய வேண்டும்? அவர் பதில் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டார் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

"கோர்ட் மட்டும் யோக்கியமா, எதிர்க்கட்சிக்காரன் மேல்தானே கேஸ் பாய்கிறது" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2023 மார்ச்சில், மேடையில் பேசிய ஒரு பேச்சுக்காக சூரத் நீதிமன்றம் ராகுல் காந்திக்கு 2 ஆண்டு கொடுத்தது, மறுநாளே வயநாடு எம்பி பதவி போனது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 2024ல் வயநாடு மக்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் அவரை ஜெயிக்க வைத்தார்கள். அவர்கள் தப்பு செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என்ன வழக்கு என்பது அங்கே டீக்கடை வரைக்கும் தெரிந்திருந்தது, தெரிந்துகொண்டுதான் போட்டார்கள். போராட்டத்தில் ரோட்டை மறித்த வழக்கும், அவதூறு வழக்கும், கஜானாவில் கைவைத்த வழக்கும், ஆளை வெட்டிய வழக்கும் ஒன்றாகாது. 2024 மக்களவைக்குக் கேரளத்தில் ஜெயித்த 20 பேரில் 19 பேர் மேல் வழக்கு இருப்பதாக ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தின் கணக்கு சொல்கிறது. அதில் பல போராட்ட வழக்குகள். நாடு முழுக்க ஜெயித்த 543 பேரில் 251 பேர் மேல் வழக்கு, 27 பேர் தண்டனையே பெற்றவர்கள் என்பதும் அவர்கள் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்திலிருந்து அதே சங்கம் எடுத்த கணக்குத்தான். அந்த 27ல் எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்கிற வேலை வாக்காளருடையது. நாம் அதைச் செய்வதில்லை. நம்ம ஆள் என்றால் பொய் வழக்கு, எதிராளி என்றால் திருடன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கட்சிகளுக்கு அந்த வித்தியாசம்கூட இல்லை. 2011ல் பிள்ளை ஜெயிலில் இருந்த காலத்தில்தான் அவர் மகன் கணேஷ்குமார் ஐக்கிய முன்னணி அமைச்சரவையில் அமைச்சரானார். தந்தையின் குற்றத்துக்கு மகனைக் குறை சொல்ல முடியாது, அதை விடுங்கள். ஆனால் அந்த நவம்பரிலேயே, தண்டனைக் காலம் முடியும் முன்பே, அதே அரசு பிள்ளையை விடுதலை செய்தது. 2017ல் இடது முன்னணி அரசு அவருக்கு முன்னேறிய சமுதாய நலக் கழகத் தலைவர் பதவியை அமைச்சர் அந்தஸ்தோடு கொடுத்தது. அவரை ஜெயிலுக்கு அனுப்ப இருபது வருடம் கோர்ட் ஏறி இறங்கிய வி.எஸ்.ஸும் அந்த முன்னணிதான். அந்த மனிதர் உயிரோடு இருந்து இதைப் பார்க்க வேண்டியிருந்தது.

இன்றைய சட்டப்படி 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால், தண்டனைக் காலமும் விடுதலைக்குப் பிறகு 6 ஆண்டும் தேர்தலில் நிற்க முடியாது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் தண்டனை என்றால் எத்தனை மாதமானாலும் தகுதியிழப்புதான். அப்புறம் வரலாம். அரசாங்கத்தில் கடைநிலை வேலைக்குச் சேரவே போலீஸ் விசாரணை நடத்துகிற நாட்டில், சட்டம் செய்கிறவருக்கு ஆறு வருடக் காத்திருப்பு போதும் என்பது எனக்கு ஏற்புடையதல்ல. பணம் கையாடியவருக்கும் கொலை, பாலியல் வன்முறைக் குற்றத்தில் மேல்முறையீடெல்லாம் முடிந்து தண்டனை உறுதியானவருக்கும் நிரந்தரத் தடை வேண்டும். வாழ்நாள் தடை கேட்டுப் போடப்பட்ட வழக்கில் ஒன்றிய அரசு 2025 பிப்ரவரியில் அதை எதிர்த்துத்தான் மனு தாக்கல் செய்தது. அதனால் சட்டம் மாறும் வரை காத்திருப்பதில் பயனில்லை.

செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வேட்பாளர் தன் மேல் உள்ள வழக்குகளையும் பெற்ற தண்டனைகளையும் 26ஆம் எண் படிவத்தில் எழுதித் தர வேண்டும், அது தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே கிடைக்கும். 2018 முதல் அதைப் பத்திரிகையிலும் டிவியிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும். இப்படிப்பட்டவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியும் காரணம் சொல்ல வேண்டும், ஜெயிக்கிற வாய்ப்பு இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது என்று 2020ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இதெல்லாம் எங்கள் பக்கம் மலையாளத்திலோ இங்கிலீஷிலோ பொடி எழுத்தில் வந்து போகிறது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பஞ்சாயத்துகளில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் எத்தனையோ பேர். அடுத்த தேர்தலுக்கு நம் தொகுதி வேட்பாளர்கள் எல்லாருடைய பத்திரத்திலும் வழக்குப் பகுதியை மட்டும் எடுத்து, என்ன பிரிவு, என்ன குற்றம், எந்த கோர்ட், என்ன நிலை என்று தமிழில் எழுதி வார்டு வாட்ஸ்அப் குரூப்களில் போடப் போகிறேன். எந்தக் கட்சியையும் விட மாட்டேன். மலையாளம் படிக்கத் தெரிந்து தமிழில் டைப் செய்யத் தெரிந்தவர்களும், சட்டப் பிரிவுகளைச் சரிபார்த்துத் தரக்கூடிய வக்கீல் நண்பர்களும் இன்பாக்ஸில் வாருங்கள்.