மூச்சு இளைப்புக்காக டிஸெபிலிட்டி பென்ஷன் (ஊன ஓய்வூதியம்) கேட்கும் மிலிட்டரிக்காரர்களுக்கு

மூச்சு எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று காட்டினால் பென்ஷன் வந்துவிடும் என்ற எண்ணம் நம் பக்கத்து முன்னாள் ராணுவத்தினரிடம் பலமாக இருக்கிறது. கோவையில் ஒரு ஸ்கேன், ஈரோட்டில் ஒரு ஸ்கேன், சேலத்தில் ஒரு டாக்டர் கடிதம் என்று ஃபைல் தடித்துக்கொண்டே போகிறது. படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபிஸிலிருந்து வருகிற பதில் மட்டும் மாறுவதில்லை. காரணம் இதுதானுங்க: நோயின் கடுமையை அவர்கள் மறுக்கவே இல்லை. அந்த நோய்க்கும் பட்டாள வேலைக்கும் உள்ள தொடர்பைத்தான் மறுக்கிறார்கள். மறுக்காத ஒன்றுக்குச் சாட்சி சேர்ப்பதில் வருஷங்கள் போய்விடுகின்றன.

சட்டம் இரண்டு விஷயம் கேட்கிறது. நோய் பணியால் வந்திருக்க வேண்டும் அல்லது பணியால் அதிகமாகியிருக்க வேண்டும். அதோடு, மெடிக்கல் போர்டு போடும் ஊன மதிப்பு 20 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் டிஸெபிலிட்டி எலிமென்ட், அதாவது ஊனத்துக்கான தொகை. 100 சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளக் கணக்கில் 30 சதவீதம், அதற்குக் கீழே விகிதப்படி. கணக்கில் எடுக்கும் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் முழு ஊனத்துக்கு 12,000. போர்டு 30 சதவீதம் போட்டிருந்தால் 3,600. அதை 50க்கு உயர்த்தினால் 6,000. இந்த உயர்த்துதலைத்தான் பிராட் பேண்டிங் என்கிறார்கள்: 50க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, 76 முதல் 100 வரை 100. நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இது என்று அரசு சொல்லிவந்தது. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. இன்னும் 30 சதவீதக் கணக்கிலேயே வாங்கிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் பிபிஓவை (பென்ஷன் உத்தரவை) ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இப்போது மெடிக்கல் போர்டு காகிதத்துக்கு வருவோம். வெளியே வரும்போது நடக்கும் மெடிக்கல் போர்டின் நடவடிக்கை ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற படிவத்தில் இருக்கும். சதவீதம் போட்ட கட்டத்தைத்தான் எல்லாரும் முதலில் தேடுகிறார்கள். அதற்கு முன்னால், பணியால் வந்ததா, பணியால் அதிகமானதா என்ற இரண்டு கேள்விகளும் அவற்றுக்கு எதிரே ஒரு காரணமும் இருக்கும். இளைப்பு கேஸ்களில் பெரும்பாலும் இரண்டுக்கும் ‘இல்லை’ போட்டு, ‘நோய் தொடங்கியது அமைதிப் பகுதியில், களப்பணியோடு தொடர்பில்லை’ என்றோ ‘உடல்வாகு சார்ந்த நோய்’ என்றோ ஒற்றை வரி எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரிதான் உங்கள் எதிராளி. மேல்முறையீட்டில் எழுதுகிற ஒவ்வொரு பத்தியும் அந்த வரிக்குப் பதிலாக இருக்க வேண்டும். நாட்டுக்காக உழைத்தேன், குடும்பக் கஷ்டம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அதைப் படித்து முடிவெடுக்க மேல்முறையீட்டுக் கமிட்டிக்கு அதிகாரம் கிடையாது.

பதிலின் முதுகெலும்பு 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த தரம்வீர் சிங் தீர்ப்பு. சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் அந்த நோய் பற்றிய குறிப்பு எதுவும் இல்லையென்றால், நோய் பணியில்தான் வந்தது என்று அனுமானிக்க வேண்டும். இல்லையென்று நிரூபிக்கும் பாரம் அரசுடையது. சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று போர்டு கருதினால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த முடிவு நிற்காது. அவருக்கு இருந்தது வலிப்பு நோய். ஆனால் தீர்ப்பு 1982 தகுதி விதிகளுக்குச் சொன்ன விளக்கம் என்பதால் இளைப்புக்கும் பொருந்தும். அதே விதிகளின் பின்னிணைப்பில், தட்பவெப்பத்தால் பாதிக்கப்படும் நோய்கள் என்ற தலைப்பின் கீழ் மூச்சுக்குழல் அழற்சியும் மூச்சுக்குழல் விரிவு நோயும் நுரையீரல் காசநோயும் பெயர் சொல்லியே இருக்கின்றன. உங்கள் நோய் அந்தப் பட்டியலில் இருந்தால் அந்தப் பக்கத்தை நகலெடுத்து மனுவோடு வையுங்கள்.

எந்த விதி உங்களுக்கு என்பதை வெளியே வந்த தேதி சொல்லும். 1982 விதி, 2008 விதி, 2023 செப்டம்பர் 21 முதல் புது விதி. புது விதியில் படைவீரருக்குச் சாதகமான அனுமானங்களை நன்றாகவே இறுக்கிவிட்டார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 2010இல் வந்தவருக்குப் புது விதியைக் காட்டி மறுத்தால் அது வேறு விஷயம். அதை அப்படியே மேல்முறையீட்டின் முதல் பாயிண்டாக வைக்கலாம்.

‘அமைதிப் பகுதியில் தொடங்கியது’ என்ற வாதத்தை உடைக்க ஒரே ஒரு பக்கம் போதும். ஒரு தாளில் கோடு போட்டு, வருஷம், இடம், செய்த வேலை, சிக் ரிப்போர்ட் (உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் போனது), மெடிக்கல் கேட்டகரி (உடல் தகுதித் தரம்) என்று ஐந்து பத்தி. டிஸ்சார்ஜ் புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். நோய்க்குப் பெயர் வைத்த தேதி வேறு, நோய் தொடங்கிய தேதி வேறு என்பது அந்தத் தாளில் தானாகவே தெரியும். லேயிலும் சியாச்சினிலும் இருந்துவிட்டு செகந்திராபாத்துக்கு மாறிவந்த நாலாம் மாதம் ஆஸ்துமா என்று எழுதியிருந்தால், செகந்திராபாத் காற்று அதற்குக் காரணமில்லை. மூடிய பங்கருக்குள் மண்ணெண்ணெய் புகாரி அடுப்பு, டாங்கி, ஜெனரேட்டர் டீசல் புகை, ராஜஸ்தான் புழுதி, ஸ்மோக் குண்டு என்று எதில், எத்தனை மாதம் இருந்தீர்கள் என்பதை அந்தந்த வரியிலேயே குறியுங்கள். மலை உச்சியில் ‘ஹேப்’ என்கிற நுரையீரல் நீர்க்கோர்ப்பு வந்து ஹெலிகாப்டரில் இறக்கப்பட்டவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அந்த நீர்க்கோர்ப்பு குணமானால் நுரையீரல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இருபது வருஷம் கழித்து வந்த சிஓபிடியை (நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோயை) அதோடு முடிச்சுப் போட்டால் போர்டில் இருக்கும் நெஞ்சுநோய் டாக்டர் சிரிப்பார், நல்ல கேஸும் கெட்டுப்போகும்.

பீடி, சிகரெட் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மது, புகையிலை, போதைப் பழக்கத்தால் வந்த ஊனத்துக்குப் பணம் கிடையாது என்று விதியே சொல்கிறது. பழைய கேஸ் ஷீட்டில் புகைப்பழக்கம் உண்டு என்று ஒரு சொல் இருந்தாலும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்காக, பிடித்தவர் பிடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்வது முட்டாள்தனம். எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை, எப்போது விட்டீர்கள் என்று சரியாகச் சொல்லுங்கள். ஐந்து வருஷம் நாலு சிகரெட் பிடித்தவருக்கும் முப்பது வருஷம் இரண்டு கட்டு பீடி பிடித்தவருக்கும் நுரையீரல் கணக்கு ஒன்றல்ல. அதோடு, கேட்பது ஆஸ்துமாவுக்கா சிஓபிடிக்கா என்பதைப் பொறுத்தும் அந்தச் சொல்லின் எடை மாறும்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் இன்னொன்று. பென்ஷன் வந்த கையோடு ஸ்பின்னிங் மில்லிலோ ஃபவுண்டரியிலோ கேட் செக்யூரிட்டி வேலை. பொள்ளாச்சிப் பக்கமென்றால் தேங்காய் நார் மில், நாமக்கல் பக்கம் தீவன மில், கரூர்ப் பக்கம் கல்குவாரி. தூசி இல்லாத வேலை எங்கே இருக்கிறது? அரசு ஆஸ்பத்திரி ஓபி சீட்டில் அவசரமாக ‘மில் வேலை, பத்து வருஷமாக இளைப்பு’ என்று எழுதிவிடுவார்கள். அந்தச் சீட்டே பிறகு உங்களுக்கு எதிராக நிற்கும். இளைப்பு எந்த வருஷம், எங்கே இருக்கும்போது தொடங்கியது, மில்லில் சேர்ந்தது எப்போது என்று வரிசையாகச் சொல்லி எழுதவையுங்கள். வெளியே வரும்போது இல்லாமல் பின்னால் வந்த நோய்க்கும் வழி உண்டு. 1982 விதியில் 7 ஆண்டுக்குள், 2008 விதியில் 10 ஆண்டுக்குள் வெளிப்பட்டு, அதன் வேர் பணியில் இருந்தது என்று மருத்துவ அதிகாரி ஏற்க வேண்டும். மில் தூசி இருக்கும் கேஸில் இது கடினம், ஆனால் மூடிய கதவு இல்லை.

காகிதம் கையில் இல்லையென்றால் ஆர்டிஐ. உங்கள் ரெக்கார்ட் ஆபிஸின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், எம்இஜிக்கு (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, இஎம்இக்கு செகந்திராபாத். ‘என் மெடிக்கல் ரெக்கார்ட் வேண்டும்’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். சேர்க்கை மருத்துவப் பரிசோதனைப் படிவம், எல்லாக் கேட்டகரி போர்டு நடவடிக்கைகள், ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16, ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டுகள், பென்ஷன் மறுப்பு உத்தரவு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதினைந்து வருஷம் முடிக்காமல் பென்ஷன் இல்லாமல் வந்தவர்கள் சீக்கிரம் கேட்பது நல்லது. 25 ஆண்டு வைப்புக் காலம் முடிந்தது, அழித்துவிட்டோம் என்று பதில் வருவது அவர்களுக்குத்தான். அப்படி வந்தால் அந்தப் பதிலையும் பத்திரமாக வையுங்கள், தீர்ப்பாயத்தில் அதுவும் ஒரு ஆவணம்.

மறுப்புக் கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் போனால் இரண்டாவது மேல்முறையீடு, பிறகு சென்னையில் இருக்கும் ராணுவப் படைத் தீர்ப்பாயம். தாமதமானாலும் பென்ஷன் என்பது மாதாமாதம் தொடரும் பாக்கி என்பதால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கேட்கலாம். ஆனால் 2008 தர்சேம் சிங் தீர்ப்பின்படி நிலுவை பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்கே கிடைக்கும். ‘மெதுவாப் பாத்துக்கலாமுங்க’ என்று விடும் ஒவ்வொரு மாதமும் நேரடியாகப் பணம். மனு எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேளுங்கள், அது இலவசம். நிலுவையில் பங்கு பேசுகிற இடைத்தரகரிடம் ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கைக் கொடுத்துவிட்டு வருவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இனி சதவீதம். மூச்சு நோய்க்கு அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதும் டெஸ்ட். எக்ஸ்ரே நன்றாக இருந்தும் ஊதும் டெஸ்ட் மோசமாக இருக்கலாம், ஆஸ்துமாவில் அதுதான் வழக்கம். டெஸ்டுக்கு முன் சால்பியூட்டமால் இன்ஹேலரை 4 முதல் 6 மணி நேரம், ஃபார்மோட்ரால் போன்ற நீண்டநேர மருந்தை 24 மணி நேரம், டையோட்ரோபியத்தை 36 முதல் 48 மணி நேரம் நிறுத்த வேண்டும். டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், நடுவில் இளைப்பு வந்தால் மருந்து எடுத்துக்கொண்டு, எடுத்ததை டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். காலையில் இன்ஹேலர் அடித்துவிட்டு நேராகப் போய் ஊதினால் நோயே இல்லாத மாதிரி ரிசல்ட் வரலாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், வேட்டியையோ பெல்ட்டையோ இறுக்கிக் கட்டாதீர்கள். உதட்டோரம் காற்று கசிவது, முதல் நொடியில் தயங்குவது, இருமல், ஆறு நொடிக்கு முன் நிறுத்துவது, இவைதான் டெஸ்டைக் கெடுப்பவை. குறைந்தது மூன்று சரியான ஊதல் வேண்டும், அதில் பெரிய இரண்டும் 150 மில்லிக்குள் ஒத்துப்போக வேண்டும். பிறகு 400 மைக்ரோகிராம் சால்பியூட்டமால் கொடுத்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி. மருந்துக்குப் பிறகும் முதல் நொடிக் காற்றுக்கும் மொத்தக் காற்றுக்கும் உள்ள விகிதம் 0.7க்குக் கீழே நின்றால் சிஓபிடி பக்கம். 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமா பக்கம்.

வேண்டுமென்றே மெல்ல ஊதினால் சதவீதம் கூடும் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. வரைகோட்டின் வடிவமே காட்டிக்கொடுத்துவிடும். முழு முயற்சி இல்லை என்று டெக்னீஷியன் ஒரு வரி எழுதினால் உண்மையான நோயாளிக்கும் கதை முடிந்தது. விகிதம் சரியாக இருந்து மொத்தக் காற்று மட்டும் குறைந்தால் அது வேறு வகை. நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குக் காற்று எவ்வளவு போகிறது என்று அளக்கும் டிஎல்சிஓ டெஸ்டும், ஹெச்ஆர்சிடி என்கிற நுணுக்கமான நெஞ்சு ஸ்கேனும் கேட்டு வாங்குங்கள். டிபி வந்து ஆறிய நுரையீரலில் இது சகஜம்.

போர்டு வெலிங்டன் எம்.ஹெச்சில் (மிலிட்டரி ஆஸ்பத்திரியில்) என்றால் ஒன்றை யோசியுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினால் 1,800 மீட்டருக்கு மேலே போகிறீர்கள். கீழே 92 காட்டும் ஆக்சிஜன் அளவு அங்கே இன்னும் இறங்கும். காலையில் பஸ் ஏறி நேராக போர்டு முன்னால் போய் நிற்காமல் முந்தின நாளே போய்ச் சேருங்கள். கிளம்பும் முன் கீழே எடுத்த அளவையும் ஒரு டாக்டர் கையெழுத்தோடு கொண்டுபோங்கள். வீட்டில் ஆக்சிஜனில் இருப்பவர்கள் பயணத்துக்கு முன் டாக்டரைக் கேட்காமல் மலை ஏறக்கூடாது.

வைத்தியத்துக்கு இந்த வழக்கு முடியக் காத்திருக்க வேண்டியதே இல்லை. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஹெச்எஸ்ஸுக்கும் டிஸெபிலிட்டி பென்ஷனுக்கும் சம்பந்தமில்லை, சாதாரண பென்ஷனர் போதும். 2003 ஏப்ரலுக்கு முன் ஓய்வு பெற்று, சேராமல் மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படியை வாங்கிக்கொண்டிருப்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள், அது இன்ஹேலருக்கே சரியாகப் போகும். இசிஹெச்எஸ் பாலிகிளினிக்கில் ஒரு மருந்து ஸ்டாக் இல்லையென்றால், இல்லை என்று எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் வெளியே வாங்கிய பில்லுக்குப் பணம் வராது. திடீரென்று மூச்சு முட்டிப் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும், இதை மனைவிக்கும் பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள். அப்போதும் கிடைப்பது சிஜிஹெச்எஸ் (மத்திய அரசு மருத்துவத் திட்டம்) கட்டண அளவுக்குத்தான், பில் தொகை முழுசும் அல்ல.

ரோட்டாஹேலர் கேப்ஸ்யூலை மாத்திரை என்று தண்ணீரோடு விழுங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பவுடர் வகையை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். அழுத்தும் வகையைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுத்துப் பத்து நொடி அடக்க வேண்டும், முடிந்தால் ஸ்பேசரோடு. ஸ்டீராய்டு கலந்தது என்றால் வாய் கொப்பளிக்காமல் விடாதீர்கள். வீட்டு ஆக்சிஜன் மெஷின், ரத்த வாயு டெஸ்டில் ஆக்சிஜன் அழுத்தம் 55 அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு உயிரை நீட்டிக்கும், அதுவும் நாளுக்கு 15 மணி நேரமாவது போட்டால். ஸ்பெஷலிஸ்ட் பரிந்துரையும் அந்த ரிப்போர்ட்டும் இல்லாமல் கடையில் வாங்கிவிட்டு பில்லை நீட்டினால் திரும்பி வரும்.

கலெக்டர் ஆபிஸில் மாற்றுத்திறனாளி அட்டை வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 2016 சட்டத்தில் இருக்கும் 21 வகையில் நுரையீரல் நோய் இல்லை. அந்த வரிசையில் நிற்கும் நேரத்தில் ஸ்பர்ஷ் என்கிற பென்ஷன் இணையதளத்தில் நுழைந்து முகவரியும் செல் நம்பரும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், ரெக்கார்ட் ஆபிஸுக்கும் தனியாக ஸ்பீட் போஸ்ட்டில் எழுதிவிடுங்கள். போர்டுக்கு வரச்சொல்லும் கடிதம் பத்து வருஷத்துக்கு முன் காலி செய்த வீட்டுக்குப் போய்த் திரும்பினால், வராதவர் என்று எழுதி ஃபைலைக் கட்டிவைத்துவிடுவார்கள்.