நாலு சர்வர், ஒரே பூட்டு
'கூட்டம் கூடினால் சர்வரைக் கூட்டுங்கள், அதுதான் ஸ்கேலிங்' (கூட்டத்துக்கு ஏற்பத் தளத்தின் திறனைக் கூட்டுவது) என்று இந்தக் கட்டுரை சொல்வது பாதிதான் சரி. ஊட்டி, குன்னூர் லாட்ஜ்களுக்கு ரூம் புக்கிங் தளம் பார்த்துக்கொள்கிறேன். மலர்க் கண்காட்சி சமயத்தில் ஒரு சர்வரை நாலாக்கினோம். பக்கம் சட்டென்று திறந்தது, பணம் கட்டும் இடத்தில் மட்டும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலும் போய் நின்றது புக்கிங் விவரமெல்லாம் இருக்கும் ஒரே டேட்டாபேஸில். ஒரே அறை இரண்டு பேருக்குப் போய்விடக் கூடாதே என்று நாங்களே போட்ட பூட்டு, அதாவது ஒருவர் வேலை முடியும்வரை அடுத்தவரைக் காக்கவைக்கும் ஏற்பாடு, எல்லாரையும் வரிசையில் நிறுத்திவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து எத்தனை பஸ் விட்டாலும் மலைப்பாதையில் பர்லியார் வளைவில் ஒன்றன்பின் ஒன்றாகத்தானே ஏறணும்? கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967லேயே எழுப்பிய வாதம்தான் இது: வேலையில் 10 சதவீதம் வரிசையாகத்தான் நடக்கும் என்றால், ஆயிரம் ப்ராசசர் போட்டாலும் வேகம் 10 மடங்கைத் தாண்டாது. மேலே கமெண்டில் ஒருவர் பெரிய மெஷினாக வாங்கச் சொல்கிறார். எங்களுக்குக் கைகொடுத்தது, எல்லா அறைகளும் பதிவாகியிருக்கும் மொத்த டேபிளுக்கும் போட்டிருந்த பூட்டை அறைவாரியாகப் பிரித்ததுதான்.